போன பிள்ளையும் நின்ற பிள்ளைகளும்

எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17ஆம் திகதி இலங்கை மலைநாட்டு நாவலப்பிட்டியில் பிறந்தார். தமிழ்நாட்டில் இது அவர் வாழ்க்கை வரலாற்றின் முதல் வரி. அவசரமாகப் படித்துவிட்டுக் கும்பகோணத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலோ அந்த ஒரு வரியை விட்டு நகர மனம் வராது. “அது நம்ம நாவலப்பிட்டிப் புள்ளடி” என்று அப்பாயி சொல்லும். நானுஓயாவில் கோச்சி ஏறிக் கண்டிக்குப் போனபோது சன்னல் வழியே பார்த்ததைத் தவிர அதற்கு நாவலப்பிட்டியைத் தெரியாது. ஆனாலும் பக்கத்து லயத்துப் பேரனைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்லும்.

இராகலைக்கும் உடப்புசல்லாவைக்கும் நடுவில், வலப்பனைத் தொகுதிக்குள் வரும் தோட்டம் எங்களுடையது. ஒரு லயத்தில் பத்துக் காம்பரா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. எங்கள் காம்பராவில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில், முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். இருந்தார். பழைய சினிமாப் புத்தகம் ஒன்றிலிருந்து அப்பா வெட்டியெடுத்துக் கோதுமை மாப் பசையில் ஒட்டிய படம். மிலாறு எரிந்த புகையில் வருடா வருடம் அந்த முகம் பழுப்பேறிக்கொண்டே போனது. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது படத்தின் மேல் பட்டுவிடாமல் சுற்றி அடிப்பார் அப்பா. அப்படி அடித்து அடித்துச் சுண்ணாம்பு நாலு பக்கமும் தடித்து, படத்துக்குச் சட்டம் போட்டது போல் ஆகிவிட்டது. கடைசியில் அதைப் பிய்த்தெடுக்கவே முடியவில்லை.

அவருடைய சின்ன வயதுக் கதை எங்களுக்கு மனப்பாடம். தகப்பனார் கோபால மேனன் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தாயார் சத்யபாமா, சக்கரபாணி, ராமச்சந்திரன் என்ற இரண்டு ஆண்பிள்ளைகளோடு கடல் தாண்டிக் கும்பகோணத்தில் போய்ச் சேர்ந்தார். ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைகளுக்கு நாடகக் கம்பெனி என்றால் முதலில் சாப்பாடு, பிறகுதான் நடிப்பு. 1936இல் வந்த ‘சதி லீலாவதி’யில் ஒரு சின்ன பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தெரிந்தார். அந்தப் படத்தின் கதாநாயகன் கொலைப் பழிக்குப் பயந்து ஓடிவந்து கூலி வேலை செய்கிற இடம் எது தெரியுமா? சிலோன் தேயிலைத் தோட்டம். மலைநாட்டில் பிறந்து வெளியேறிய பிள்ளையின் முதல் படத்திலேயே மலைநாடு குறுக்கே வந்து நின்றது. இதை அப்பாயி உயிரோடு இருந்தபோது நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் அதற்கு எவ்வளவு பிடித்திருக்கும்!

வறுமையிலிருந்து எழுந்தவர், தன் முயற்சியால் உயர்ந்தவர் என்று எல்லாரும் சொல்வது உண்மை. அதை நானும் குறைக்கமாட்டேன். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டப் பள்ளிகளில் படிப்பித்தவள் நான். முயற்சியுள்ள பிள்ளைகளைத் தினமும் பார்த்தேன். காலையில் தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, ரெண்டு மைல் மலையேறி, ஈரச் சட்டையோடு வந்து முதல் வாங்கில் உட்காரும் பிள்ளைகள். அவர்களில் ஒருவர்கூட முதலமைச்சராகவில்லையே, ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கான விடையில் ஒரு பெரும் பங்கு 1948இல் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அதற்கு முந்திய வருடத்திலிருந்து சொல்ல வேண்டும். 1947இல் ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். அதே வருடம் இலங்கையின் முதல் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு. எம்.ஜி.ஆர். பிறந்த நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம். தோட்டத்துச் சனம் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிற மாதிரி வரிசையாகப் போய் ஓட்டுப் போட்டதாம். அப்பாயியும் போட்டது. அன்றைக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனதாகச் சொல்லும். அதன் வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு ஓட்டுத்தான்.

அடுத்த வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த நாட்டில் பிறந்தது மட்டும் அந்தச் சட்டத்துக்குப் போதவில்லை. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனைப் பெற்றவரும் அவரைப் பெற்றவரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பாட்டனின் பிறப்பத்தாட்சியை யார் வைத்திருந்தார்கள்? 1949இல் இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பம் செய்யுங்கள் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் போன பிறகு 1952இல் தேர்தல் வந்தது. தோட்ட மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. காங்கிரஸ்காரர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சட்டம் அசையவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தத் தாய் கப்பல் ஏறாமல் நாவலப்பிட்டியிலேயே நின்றிருந்தால்? அவர்கள் தோட்டத் தொழிலாளி வீட்டார் அல்ல, எழுத்தறிவு உள்ள குடும்பம். அதனால் விண்ணப்பம் எழுதி, சான்று காட்டி, ஒருவேளை தப்பியிருக்கலாம். ஆனால் சட்டத்தின் முதல் கேள்விக்கு அந்தப் பிள்ளையிடமும் பதில் இல்லை. அவர் இங்கே பிறந்தவர். அவருடைய தகப்பனார் பாலக்காட்டுக்காரர். 31 வயதில் அந்த ராமச்சந்திரனும் எங்கள் ஆட்களோடு நாடற்றவராக வரிசையில் நின்றிருப்பார். இந்தியாவுக்குப் போய்விட்டதால் 1952இல் அவருக்கு எல்லாரையும் போல ஓட்டு இருந்தது. 1953இல் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார், 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் பரங்கிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். குண்டடி பட்டுக் கழுத்துக் கட்டோடு படுத்திருந்தபடியே அந்தத் தேர்தலில் வென்றார். அவர் தொகுதி தொகுதியாகப் போய் ஓட்டுக் கேட்ட அந்த வருடங்களில், 1938இல் இதே தோட்டத்தில் பிறந்த என் அப்பாவிடம் ஓட்டுக் கேட்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. மழைத் தண்ணீர் ஒழுகும் கூரைக்குத் தகரம் கேட்டால் துரையிடம் கேட்க வேண்டும். துரை இல்லையென்றால் முருகனிடம்.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பிரிப்பு நடந்தது. பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா இங்கேயே பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள்.

பெரியப்பா குடும்பம் போனது தோட்டங்களில் பஞ்சம் கிடந்த காலத்துக்குச் சற்றுப் பின். 1973, 1974இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் மலைநாட்டில் சனம் செத்தது. எனக்கு அப்போது எட்டு வயது. மரவள்ளிக் கிழங்கு அவித்த தண்ணீரைக்கூட அம்மா கீழே ஊற்றமாட்டார். பள்ளிக்கூடத்தில் வாங்குகள் காலியாக இருக்கும். பிள்ளைகள் எங்கே என்று மாஸ்டர் கேட்கமாட்டார். அவருக்கே தெரியும், கீரை பிடுங்கவும் காட்டுக்கிழங்கு தோண்டவும் போயிருப்பார்கள்.

போகிற நாளில் பெரியப்பா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். உள்ளே கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துக் கந்தோரில் கொடுத்த கணக்குத் துண்டு, ஒரு கைப்பிடி தேயிலை விதை. விதை எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, அங்கேயும் தேயிலைதானாம் என்றார். தலைமன்னாருக்குப் போகிற அந்தக் கோச்சியை மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பெண்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செத்த வீட்டில் பாடுவது போல் பாடிக்கொண்டே போவார்கள். நானுஓயா ஸ்டேசனில் அப்பாயி பாடவில்லை. கோச்சி நகர்ந்ததும், “அவனும் இப்படித்தான போயிருப்பான் அந்தப் புள்ள, ஆத்தா கையப் புடிச்சிக்கிட்டு” என்றது. யாரைச் சொல்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. பெற்ற மகன் போகிற துக்கத்திலும் அதற்கு அந்த நினைவுதான் ஆறுதலாக வந்திருக்கிறது. போனவன் கெட்டுப்போகமாட்டான், நாவலப்பிட்டிப் பிள்ளையும் போய்த்தானே நல்லா இருக்கிறது என்ற ஆறுதல்.

பெரியப்பாவுக்கு நீலகிரியில் டான்டீயில் வேலை கிடைத்தது. இலங்கையிலிருந்து போனவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம். மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்துக் கூடை. அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்று கூப்பிட்டார்கள். இங்கே இந்தியாக்காரர் என்று கூப்பிட்டார்கள் அல்லவா, அதற்கு ஈடாக. ஆனால் 1977இல் வந்த ஒரு கடிதத்தில் பெரியப்பா ஒரு பக்கம் முழுக்க ஒரே விசயத்தை எழுதியிருந்தார். ஓட்டுப் போட்டாராம். பெரியம்மாவும் போட்டாராம். யாருக்கு என்று எழுதவேயில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கடிதத்தை அப்பாயிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ஓட்டுப் பெட்டி இருந்த இடம், வரிசையின் நீளம், விரலில் வைத்த மை என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னது. முப்பது வருடத்துக்கு முன் தான் போட்ட ஓட்டையும் அதோடு சேர்த்து நினைத்துக்கொண்டது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

1977 ஜூன் 30ஆம் திகதி எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். மூன்று கிழமை கழித்து, ஜூலை 21ஆம் திகதி இலங்கைத் தேர்தல். மூன்று பேரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் வந்தார். 1947க்குப் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் மக்கள் வாக்கில் பாராளுமன்றம் போனது அப்போதுதான். அடுத்த வருடம் அவர் அமைச்சரும் ஆனார். அவருடைய சின்ன வயது எம்.ஜி.ஆரின் சின்ன வயது போன்றதல்ல. கஷ்டத்தில் கடல் தாண்டி வந்தவர் அவருடைய தகப்பனார். மகன் வளர்ந்தபோது குடும்பத்துக்குச் சொந்தமாகவே றம்பொடையில் தோட்டம் இருந்தது. ஆனால் ஓட்டில்லாத சனத்துக்காக 30 வருடம் பேசிப் பேசிக் காத்திருந்த பொறுமையை யாரும் சின்னதாக்க முடியாது. ஆனாலும் 1977ஐ நான் வெற்றி வருடமாக மட்டும் நினைப்பதில்லை. மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆகஸ்டில் கலவரம். தோட்டங்களிலிருந்து வவுனியாப் பக்கம் மூட்டையோடு போனவர்கள் எங்கள் பாதையிலும் போனார்கள்.

அதே 1977 தேர்தலில் எங்கள் வலப்பனைத் தொகுதி ஒரு பெண்ணைப் பாராளுமன்றம் அனுப்பியது. ரேணுகா ஹேரத். பின்னால் அமைச்சரும் ஆனார். கிராமத்துச் சிங்களப் பெண்கள் அவரைப் பார்க்க நில்தண்டாஹின்னப் பக்கம் பஸ்களில் கூட்டமாகப் போவார்கள். அம்மா கொழுந்துக் கூடையோடு பாதையோரம் ஒதுங்கி நின்று அந்த பஸ்களைப் பார்த்ததாகச் சொல்வார். அம்மாவும் வலப்பனைக்காரிதான். வலப்பனையில் பிறந்து, வலப்பனையில் கொழுந்தெடுத்து, வலப்பனையிலேயே இடுப்பு வலி கண்டவர். அந்தத் தேர்தலில் அவருக்கு ஓட்டில்லை.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்து செய்தவற்றில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒன்று உண்டு. 1982 ஜூலை 1ஆம் திகதி திருச்சிக்குப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். காமராசர் தொடங்கிய மதிய உணவை அவர் பெரிதாக்கி, பால்வாடிப் பிள்ளையிலிருந்து பள்ளிப் பிள்ளை வரை கொண்டுவந்தார். செலவைக் கணக்குப் பார்த்துக் கேட்டவர்களுக்குத் தன் சின்ன வயதுப் பசியையே பதிலாகச் சொன்னார். என்னைக் கேட்டால், கஷ்டத்தில் வளர்ந்த ஒருவர் ஆட்சிக்கு வந்ததன் பெறுமதி அந்தச் சோற்றுப் பானையில் தெரிந்தது போல் வேறெங்கும் தெரியவில்லை. பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். அதற்கடுத்த கடிதங்களில் பிள்ளைகளின் உயரம்கூட எழுதி வந்தது.

இங்கே நிலைமை வேறு. 1977க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதற்கு முன் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு நீளக் கொட்டகை. ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது மற்ற நாலு வகுப்பும் அதே வாய்ப்பாட்டைச் சத்தம் போடும். நான் மேல் வகுப்புக்குப் போனதே அந்த மாஸ்டர் அப்பாவிடம் மூன்று முறை வந்து கெஞ்சியதால். படித்தும் பயன் இல்லை என்று அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. பிரஜாவுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசாங்க வேலை யார் தருவார்கள்? 1988இல் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்காமல் இங்கே மிஞ்சியிருந்தவர்களுக்கு ஒரு வழியாக நாடு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வேலைக்கு நான் விண்ணப்பமே போட்டேன். அந்தச் செய்தியைக் கேட்க அப்பாயி இல்லை. எம்.ஜி.ஆரும் அதற்கு முந்திய டிசம்பர் 24ஆம் திகதி இறந்துபோயிருந்தார். 1988இல் அவருக்கு இந்தியா பாரத ரத்னா கொடுத்தது. அவர் பிறந்த மண்ணில் அதே வருடம் எங்களுக்குக் கிடைத்தது வெறும் பிரஜை என்ற பெயர். எங்களுக்கு அதுவே பெரிசு.

1994 ஆகஸ்டில் அப்பாவும் நானும் முதன்முறையாக ஓட்டுப் போட்டோம். அப்பாவுக்கு 56 வயது, எனக்கு 28. தோட்டப் பள்ளியே வாக்குச்சாவடி. அப்பா முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டார். வாக்குச்சீட்டை எப்படி மடிக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து பழகினார். அந்தத் தேர்தலில் மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் சுயேச்சைக் குழுவாக நின்று நுவரெலியா மாவட்டத்தில் ஓர் இடம் பிடித்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சிறையில் கிடந்து வந்தவர். சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 இடம், முஸ்லிம் காங்கிரசுக்கு 7. ஆட்சி அமைக்க 113 வேண்டும். அந்த ஒன்று சந்திரசேகரனுடையது. நாற்பது வருடம் ஓட்டே இல்லாமல் இருந்த சனத்தின் ஒரு உறுப்பினர் கை தூக்கி ஓர் அரசாங்கம் வந்தது. அந்தக் கிழமை முழுவதும் தோட்டத்தில் வேறு பேச்சில்லை. கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளைகூட அன்றைக்குத் தராசை ஒழுங்காகப் பிடித்தார் என்று அம்மா சொன்னார்.

அந்த உற்சாகம் ஏன் லயத்துக் கூரையைத் தொடவில்லை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டோம். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது. நாங்கள் ஓட்டுப் போட்டுப் பிரதேச சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். அவர் எங்கள் பாதைக்கு ஒரு லோட் கல் போடச் சட்டம் இடம் தராது. தோட்டத்து வாசல் வரைக்கும் தார், அதற்கப்பால் சேறு. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆட்கள் உயர்ந்தார்கள், பதவி ஏறினார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள். அவர்களில் நல்லவர்களின் கையையும் இப்படி ஒரு பிரிவு, ஒரு வாசகம் கட்டிப்போட்டது. பரிசளிப்பு விழாக்களுக்கு வரும் அரசியல்வாதிகள் பலர், “நானும் லயத்தில் பிறந்தவன்தான்” என்று பேச்சைத் தொடங்குவார்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கும் அதைக் கேட்கச் சந்தோசம்தான். ஆனால் அப்படிச் சொல்கிறவர் இறங்கிப் போன பிறகும், கைதட்டிய பிள்ளை அதே பத்தடிக் காம்பராவுக்குத்தானே திரும்பிப் போகிறது என்ற கோபம் ஒவ்வொரு முறையும் வரும்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்தக் கோபம் இன்னும் கூடியது. 1974இல் நான் பார்த்த காலி வாங்குகளை, ஓய்வு பெறுகிற நேரத்தில் மறுபடி பார்த்தேன். முதல் பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்துவிடும் பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் மனம் வரவில்லை. நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சட்டி கஞ்சி வைத்தோம். அந்த வருடமே நீலகிரியிலிருந்தும் ஒரு செய்தி. டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டிருந்தது. பெரியப்பா மகன் தொலைபேசியில், “எங்களை எங்க போகச் சொல்றாங்க அக்கா?” என்று கேட்டான். அவன் பிறந்ததும் நீலகிரி லயத்தில். அவனுக்கு ஓட்டு இருந்தது, படிப்பு இருந்தது, வயிற்றுக்குச் சத்துணவு இருந்தது. காலுக்குக் கீழே ஒரு பேர்ச் காணி அங்கேயும் இல்லை.

2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கில் அங்கே போனது அதுவே முதல் தடவை. வலப்பனை ஒரு பெண்ணை அனுப்பிய வருடத்திலிருந்து 47 வருடம். மலையில் கொழுந்தெடுக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்களும் அவர்களே. மேடையில் அவர்களுக்குக் கிடைத்தது மாதர் சங்கத் தலைவி என்ற பதவி, விளக்கேற்ற ஒரு குச்சி. அம்மாவுக்கு இப்போது வயது 82, கண் சரியாகத் தெரியாது. தொலைக்காட்சிக்கு மிகப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்கள் சத்தியப்பிரமாணம் செய்ததைப் பார்த்தார். “யாரு வீட்டுப் புள்ளைங்க?” என்று கேட்டார். அப்பாயி எம்.ஜி.ஆரைப் பற்றிச் சொன்ன அதே குரல். அவர்கள் என்ன செய்வார்கள், எவ்வளவு செய்யவிடப்படுவார்கள் என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். கேட்க உரிமை இருக்கிறது, கேட்போம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தகப்பன் இல்லை, தாய் இன்னும் மலைக்குப் போகிறார். உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசைப்பட்டாள். பக்கத்தில் தமிழ்மொழியில் அந்தப் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவில் படித்தாள். இப்போது முன்பள்ளியில் வேலை செய்கிறாள். உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள் அல்லவா, அடுத்த முறை பிரதேச சபைக்கு நிற்கப் போகிறேன் என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் முதலில் கேட்டது அவளுடைய பத்திரங்களை. பிறப்பத்தாட்சியில் சிங்களத்தில் எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. தகப்பன் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதம். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். பேரைச் சரியாக எழுத ஆளில்லாத காலத்தில் யாரோ கேட்டபடி எழுதிவிட்டுப் போனது. எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று தாயும் கூட வருகிறார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் பதிவுக் கந்தோருக்குப் போகிறோம். அவளுடைய பெயரைத் திருத்தி முடிக்காமல் திரும்புவதில்லை.